பொலார் வீட்டுப் புகை

எங்கள் ஊரில் காட்டு விறகுப் பங்கு ஆளுக்கு இல்லை, நெருப்புக்கு. ஒரு வீட்டில் அடுப்பு எரிந்தால் அது ஒரு நெருப்பு. உள்ளே எட்டுப் பேர் இருந்தாலும் ஒற்றைக் கிழவர் இருந்தாலும் பங்கு ஒன்றுதான். போன வருடம் எங்கள் மோன்வெல்லில் இருபத்து மூன்று நெருப்புகள் இருந்தன. அதில் ஒன்று என் அப்பா ஃபிர்மன் பொலார்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் ஊர் மன்றத்தில் கூடுவார்கள். மேயர் ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுவார். "நெருப்பு ஜான்ரோ." அந்த வீட்டிலிருந்து வந்தவர் "எரியுது" என்று சொல்லிவிட்டு, பழைய பால் கேனுக்குள் கையை விட்டு எண் போட்ட மரத்துண்டு ஒன்றை எடுப்பார். அந்த எண்ணுள்ள மரங்கள் அவருக்கு. ஏப்ரலுக்குள் வெட்டி இடத்தைச் சுத்தமாக்க வேண்டும். வெட்டாதவருக்கு அடுத்த வருடம் பங்கு கிடையாது. குளிர்காலத்தை ஊரில் கழிக்காதவர் நெருப்பே கிடையாது.

பழைய போரில் படைகள் ஊரைக் கொளுத்திவிட்டுப் போனபின், காட்டுக் குகைகளிலிருந்து திரும்பியவர்கள் சாம்பலில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் கூப்பிட்டு எண்ணினார்களாம். ஒன்பது நெருப்புகள் பதில் சொல்லின. அந்த ஒன்பதுக்குத்தான் காட்டுரிமை முதலில் எழுதிக் கொடுக்கப்பட்டது. பொலார் அதில் ஒன்று என்று அப்பா சொல்வார். நார்சிஸ் ஜான்ரோ மறுப்பார். அவர் எதிர்வீட்டுக்காரர், அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

எங்கள் பிரெஞ்சு மொழியில் இறந்தவர் பெயருக்கு முன்னால் போடும் 'காலஞ்சென்ற' என்ற சொல்லும் 'நெருப்பு' என்ற சொல்லும் ஒலியிலும் எழுத்திலும் ஒன்று. வேர் வேறு என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அது பெரிய வித்தியாசமாகப் படவில்லை. செத்தவர்கள் எல்லாரும் எங்கோ எரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று பத்து வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அது வருடாவருடம் சொல்லும் நகைச்சுவை. "மேயர் கூப்பிட்டதும் சட்டுனு பதில் சொல்லிடணும். கொஞ்சம் தாமதிச்சா அர்த்தம் மாறிடும்."

அவர் முப்பத்தாறு வருடம் சீஸ் சங்கத்தின் பால் வண்டி ஓட்டினார். மேட்டுநிலத்திலுள்ள எல்லாத் தொழுவங்களுக்கும் காலையும் மாலையும். மழை எங்கள் ஊரில் ஓடாது, இறங்கிவிடும். தரை முழுக்கச் சுண்ணாம்புக்கல். தேவாலயத்துக்குக் கீழே ஒரு குழி இருக்கிறது. 'விழுங்கி' என்பார்கள். புயல் மழையையும் அரை மணியில் குடித்துவிடும். அதனால் ஊரில் ஆறு இல்லை, பாலம் இல்லை. பாலமே இல்லாத ஊரிலிருந்து போய் நான் பாலங்களுக்குச் சென்சார் பொருத்தும் பொறியாளர் ஆனேன். லியோனில் வேலை. காரில் மூன்று மணி நேரம். அம்மா போன பிறகு அப்பா தனியாக இருந்தார். நல்லபடியாகவே இருந்தார்.

அந்த செப்டம்பரில் ஊருக்குப் போயிருந்தேன். உருளைக்கிழங்கும் புகையில் வாட்டிய சாஸேஜும் வைத்தேன். அப்பா தட்டில் வலது பாதியைச் சுத்தமாகச் சாப்பிட்டுவிட்டுக் கத்தியைத் துடைத்தார். இடது பாதி அப்படியே இருந்தது. பிடிக்கவில்லையா என்று கேட்டேன். எல்லாம் முடிந்ததே என்றார். தட்டை மெல்ல அரைவட்டம் திருப்பி வைத்தேன்.

"இப்ப யாரு மறுபடியும் போட்டது?" என்றார் அப்பா. "உங்க அம்மா மாதிரியே பண்றியே."

மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருந்தது. கண் இரண்டும் சரியாகவே இருந்தன, ஆனால் இடப்பக்கம் என்ற ஒன்று அவருக்கு இல்லாமல் போயிருந்தது. இருட்டாகத் தெரிவதில்லை, அங்கே ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே வராது என்று மருத்துவர் விளக்கினார். வண்டி ஓட்டக்கூடாது, மெஷின் ரம்பம் தொடக்கூடாது, தனியாக இருக்கக்கூடாது. இன்னொரு அடைப்பு வரலாம். எப்போது என்று கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்றார். அளக்க முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு எனக்கு வேலை பார்த்துப் பழக்கமில்லை.

லியோனுக்கு வந்துவிடுங்கள் என்றேன்.

"உன் ஏழாவது மாடியில நான் என்ன பண்ணுவேன்? ரேடியேட்டர் முன்னால உக்காந்து 'எரியுது'ன்னு சொல்லிட்டிருக்கவா?"

விறகுப் பங்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

நவம்பர் குலுக்கலுக்கு நானும் போனேன். மேயர் ஆர்லெத் கூப்பிட்டு முடிக்கும் முன்பே அப்பா "எரியுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு முன்னால் போய்க் கையை நீட்டினார். கேன் அவருக்கு இடப்பக்கம் இருந்தது. கை காற்றைத் துழாவியது. சிரிப்பு நின்றது. நார்சிஸ் பெரியவர் முழங்காலால் கேனை வலப்பக்கம் தள்ளினார்.

"கேனை நகத்தி வெச்சு ஏமாத்தறியாடா?" என்றார் அப்பா.

"உன் மூஞ்சியைப் பாத்து அதுவே நகந்துது."

அப்பாவின் கையில் பதினான்கு வந்தது. ஓநாய்ப் பள்ளத்துச் சரிவு. யாரும் வாழ்த்தவில்லை.

அந்தச் சரிவில் முக்கால்வாசி ஆஷ் மரங்கள். ஐரோப்பா முழுக்க ஆஷ் மரங்கள் ஒரு பூஞ்சை நோயில் செத்துக்கொண்டிருக்கின்றன. அடியில் அழுகிவிடும். வெளியே பார்த்தால் மரம் நிற்கும். காற்றில்லாத நாளில் திடீரென்று சாயும், முன்கூட்டி முறிகிற சத்தம்கூட வராது. பாலத்தில் நாங்கள் மிகவும் பயப்படுவது இந்த மாதிரி முறிவுக்குத்தான். வளையும் இரும்பு முதலில் சொல்லிவிடும். இது சொல்லாது.

அன்று சமையலறையில் ஓர் ஒப்பந்தம் செய்தோம். அப்பா குளிர்காலம் முழுக்க ஊரில் இருப்பார். பனி கரைந்ததும் நார்சிஸும் இன்னும் இரண்டு பேரும் பதினான்கை வெட்டிக் கொடுப்பார்கள். அப்பா காட்டுக்குள் காலெடுத்து வைக்கமாட்டார். வசந்தத்தில் லியோனுக்கு வருவார். மெஷின் ரம்பத்தை என் காரில் ஏற்றினேன். அப்பா தடுக்கவில்லை. "சரி" என்றார், சீக்கிரமாகவே. களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் ஒரு சென்சார் வைக்கிறேன், நடமாட்டம் இருந்தால் எனக்குத் தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நான் என்ன பாலமா?"

ஆகவே நார்சிஸிடம் கேட்டேன். அவர் சமையலறை ஜன்னலிலிருந்து எங்கள் புகைபோக்கி நேராகத் தெரியும். தினமும் காலையில் பார்த்து எனக்குச் செய்தி அனுப்ப வேண்டும். ஒரு சொல் போதும். அவருக்கு ஒரு சொல்லுக்கு மேல் தட்டச்சு செய்யவும் வராது.

"புகை."

அந்த டிசம்பர் முழுக்க என் நாள் அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் தொடங்கியது. செய்தி வரும்வரை காப்பி குடிக்கமாட்டேன். அலுவலகத்தில் திரையில் ஏழு பாலங்களின் கோடுகள் ஓடும், என் கண் கைபேசியில் இருக்கும். ஒருநாள் மதியம்வரை வரவில்லை. நார்சிஸ் பல் மருத்துவரிடம் போயிருந்தார். அதைத் தெரிந்துகொள்வதற்குள் ஒரு கூட்டத்தின் நடுவே எழுந்துபோய்க் கழிப்பறையில் நின்று நான்கு முறை போன் செய்துவிட்டேன். அப்பா எடுத்து, "என்னம்மா, எந்தப் பாலம் விழுந்துது?" என்றார்.

ஜனவரியில் பனி கொட்டியது. செய்தி ஒருநாளும் தவறவில்லை. அப்பாதான் போனில் சுருக்கமாகப் பேசத் தொடங்கினார். மூச்சு வாங்குவதுபோல இருந்தது. கேட்டால் மாடிப்படி ஏறினேன் என்பார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் வழக்கம்போல "புகை" வந்தது. நான் போன் செய்தேன், அப்பா எடுக்கவில்லை. சீஸ் வாங்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். மறுபடி செய்தேன். மதியம் செய்தேன். புகை இருக்கிறது, மனிதர் இல்லை. இரண்டு அளவீடுகள் ஒத்துப்போகவில்லை என்றால் ஒன்று தவறு. காரை எடுத்தேன்.

வழி முழுக்க அவர் சமையலறைத் தரையில் இடப்பக்கமாக விழுந்து கிடக்கிறார். அப்படித்தான் மனதுக்குள் பார்த்தேன். எழுந்திருக்கப் பார்க்கிறார், மேசைக்கால் இடப்பக்கம் இருக்கிறது, அதனால் அது அங்கே இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. சாலையில் உப்புத் தூவும் வண்டி முன்னால் ஊர்ந்தது. முந்த இடமில்லை. ஹாரன் அடித்தேன், அதனால் என்ன பயன்.

மேல்வளைவில் ஊர் தெரிந்தது. கூரைகள், மணிக்கூண்டு, எங்கள் புகைபோக்கி. புகை நேராக, தடிமனாக ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் போட்ட கட்டையின் புகை. யாரோ இப்போது அடுப்புப் பக்கம் நிற்கிறார்கள். காரை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் போனபோது அடுப்பு முன்னால் குந்தியிருந்தவர் நார்சிஸ்.

அப்பா எங்கே என்று கேட்டேன். அவர் கையிலிருந்த கட்டையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கட்டையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். பிறகுதான் சொன்னார். வருடம் பிறந்ததிலிருந்து அப்பா தினமும் காட்டுக்குப் போகிறார், கைரம்பத்தோடு. விடிந்ததும் அடுப்பை மூட்டிவிட்டுப் போவார். அது அணையாமல் நார்சிஸ் வந்து பார்த்துக்கொள்வார்.

"தினமும் எனக்குப் பொய் சொல்லியிருக்கீங்க."

"பொய் சொல்லல. நீ என்கிட்ட கேட்டது புகையை. ஃபிர்மனைக் கேட்டிருந்தா ஃபிர்மனைச் சொல்லியிருப்பேன்."

"நான் எதுக்குப் புகையைக் கேட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றார். "இவனையும் எனக்குத் தெரியும். எழுபது வருஷமா." பிறகு மெதுவாக, "இன்னிக்கு இவ்வளவு நேரம் ஆகியிருக்கக் கூடாது," என்றார்.

அவருக்கு முழங்கால் மூட்டு இரண்டும் போய்விட்டன. சரிவில் இறங்க முடியாது. அவர் வீட்டு வாசலில் நின்றார், நான் ஓடினேன்.

ஓநாய்ப் பள்ளத்துக்கு வண்டிப்பாதையில் ஏறி, எல்லைக்கல் தாண்டி இறங்க வேண்டும். பனியில் ஒரே ஒருவரின் தடம் இருந்தது. அது நேராகப் போகவில்லை, வலப்பக்கம் வலப்பக்கமாகச் சாய்ந்து, மரத்தில் முட்டி, திரும்பிப் போயிருந்தது. வழியில் இரண்டு ஆஷ் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. வேரில் கைப்பிடி மண்கூட இல்லை. ஒன்றின் மேல் பனி இருந்தது, மற்றதன் மேல் இல்லை. அது இன்று விழுந்தது.

நின்று கேட்டேன். ரம்பச் சத்தம் இல்லை. பிறகு இருந்தது. பிறகு நின்றது.

அவரைப் பார்த்தேன். விறகு அடுக்கின்மேல் உட்கார்ந்து கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தார். முழங்கால் அளவுக்கு ஒழுங்காக அடுக்கப்பட்ட விறகு, நீளமாகச் சரிவோடு போயிற்று. அவருக்கு வலப்பக்கம் இருந்த சின்ன மரங்கள் எல்லாம் வெட்டப்பட்டிருந்தன. இடப்பக்கம் ஒன்றுகூடத் தொடப்படவில்லை. கோடு கிழித்ததுபோலக் காடு பாதியாக இருந்தது.

அந்தத் தொடப்படாத பாதியில் ஒரு பெரிய ஆஷ் மரம் அடியோடு முறிந்து, பக்கத்து பீச் மரத்தின் கவட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. முறிவு புதியது. தண்டு அப்பாவின் தலைக்கு மேலே சாய்ந்திருந்தது. எடை ஒரு டன்னுக்குக் குறையாது. தாங்கிக்கொண்டிருந்த கிளை என் மணிக்கட்டுத் தடிமன்தான்.

கத்தினால் அவர் எழுந்து என்னைத் தேடுவார். இடப்பக்கமிருந்து போனால் நான் இருப்பதே அவருக்குத் தெரியாது. சரிவின் மேலே ஏறி, சுற்றி, வலப்பக்கத்துக்கு வந்தேன். அந்தச் சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது.

"அப்பா."

"வந்துட்டியா. நார்சிஸ் உளறிட்டானா?"

"சூப் சூடா இருக்கு. வாங்க."

"இந்த ஒண்ணை அறுத்துட்டு வரேன்."

"வேண்டாம். எழுந்து நேரா என்கிட்ட வாங்க. இடது பக்கம் திரும்பாதீங்க."

"எனக்கு இடது பக்கம்னு ஒண்ணு இருக்கா என்ன?"

எழுந்தார். ரம்பத்தை எடுக்கக் குனிந்தார். விடுங்கள் என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, விட்டார். ஒவ்வோர் அடியாக வந்தார். கை எட்டியதும் பிடித்து இழுத்தேன். இருவரும் பனியில் உட்கார்ந்துவிட்டோம். அப்புறம்தான் காட்டினேன். அவர் உடம்பு முழுவதையும் திருப்பி அந்த மரத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது எப்ப வந்துது?" என்றார்.

திரும்பும்போது நான் அவருடைய இடப்பக்கம் நடந்தேன். ஏன் இப்படிச் செய்தீர்கள், மார்ச்சில் அவர்கள் வெட்டித் தருகிறோம் என்றார்களே என்று கேட்டேன்.

"நார்சிஸ் இந்தப் பள்ளத்துல இறங்கறதா? அவனுக்கு ரெண்டு பக்கமும் தெரியுது, முட்டி இல்ல. எனக்கு முட்டி இருக்கு." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "பெரிய மரத்தை நான் தொடல. சின்னதுதான். அவன் இறங்கறதுக்குள்ள முடிச்சிடலாம்னு பாத்தேன்."

எல்லைக்கல்லருகே நின்று மூச்சு வாங்கினார். மாடிப்படி என்று இப்போது சொல்லவில்லை.

ஆர்லெத் மறுநாளே சரிவுக்குக் குறுக்கே கயிறு கட்டி யாரும் போகக்கூடாது என்று பலகை வைத்தார். அப்பாவுக்குச் சாலையோரத்தில் வேறு பங்கு ஒதுக்கினார்கள். மேயர் தன்னைக் குழந்தையாக்கிவிட்டார் என்று அப்பா இரண்டு நாள் கோபப்பட்டுவிட்டு, அங்கே ஓக் மரங்கள் இருப்பது தெரிந்ததும் கோபத்தை விட்டார். அடுக்கி வைத்திருந்த விறகை டிராக்டரும் இரும்புக் கயிறும் வைத்து எட்ட நின்றே இழுத்து மீட்டார்கள்.

ஒப்பந்தத்தைத் திருத்தினேன். இனி நார்சிஸ் சாலையைக் கடந்து வந்து அப்பாவைக் கண்ணால் பார்த்த பிறகே செய்தி முழுமையாகும். இரண்டு சொற்கள். முதலில் "புகை". வந்து பார்த்ததும், "ஃபிர்மன்". இரண்டாவது சொல்லுக்கு நார்சிஸ் முனகினார், ஆனால் கற்றுக்கொண்டார். இரண்டுக்கும் நடுவே சாலையைக் கடக்கும் நேரம். அவருடைய முழங்காலைப் பொறுத்து அது கூடும், குறையும். நான் அந்த இடைவெளியில் நின்றுகொண்டேயிருப்பேன்.

பிப்ரவரியில் ஒரு காலை "புகை" வந்தது.

காத்திருந்தேன். பனி வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன். வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். ஒன்பது நெருப்பில் பொலார் உண்டா இல்லையா என்று. கைபேசித் திரை அணைந்தது. தொட்டேன். மறுபடி அணைந்தது. பிறகு அது அடித்தது. நார்சிஸ் எனக்குப் போன் செய்வது அதுதான் முதல் தடவை.

அப்பா அடுப்பை மூட்டியிருந்தார். காப்பிக் கிண்ணத்தை மேசையில் வலப்பக்கம் வைத்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். அன்றைய செய்தியில் தவறு இல்லை. புகை இருந்தது.

அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இரண்டடிக்குக் கீழே கல். குழி வெட்டியவர்கள் முந்தின நாளே தொடங்கியிருந்தார்கள். சுவரோரப் போர் நினைவுக்கல்லில் இருக்கும் பெயர்களைவிட அன்று வந்தவர்கள் குறைவு, ஆனால் ஊரில் எல்லாரும் வந்திருந்தார்கள். சாலையோரப் பங்கை நார்சிஸ் உட்காரும் பலகை போட்டு மேற்பார்வை செய்ய, மற்றவர்கள் மார்ச்சில் வெட்டினார்கள். விறகை எங்கள் முற்றத்தில் அடுக்கினார்கள். எனக்கு எதற்கு என்று கேட்டேன். வெட்டியது பொலார் பங்கு, பொலார் முற்றத்தில்தான் இருக்கும் என்றார்கள். ஓக் காய இரண்டு வருடம் ஆகும்.

இறந்தவரின் நெருப்பு தானாக நீங்காது. அடுத்த குலுக்கலில் மேயர் அந்தப் பெயரையும் கூப்பிட வேண்டும். வாரிசு எழுந்து "அணைஞ்சுது" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே கேனிலிருந்து ஒரு மரத்துண்டைக் குறைப்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காக இந்த நவம்பரில் ஊருக்குப் போனேன். முந்தின நாள் மாலையே போய்விட்டேன். வீடு ஈரமாக இருந்தது. காலையில் அடுப்பை மூட்டினேன்.

ஆர்லெத் என்னைப் பார்க்காமல் கூப்பிட்டார். "நெருப்பு பொலார்."

சட்டென்று பதில் சொல்ல வேண்டும். தெரியும். நான் எழுந்து நின்றேன். சொல் வரவில்லை. அந்த மௌனத்தில் அவர் கூப்பிட்டதன் அர்த்தம் மாறியது. அறையில் எல்லோருக்கும் அது கேட்டது.

"அணைஞ்சுது," என்றேன்.

"காலைல புகை பாத்தேனே," என்றார் நார்சிஸ், பக்கத்திலிருந்து, கொஞ்சம் உரக்கவே.

யாரும் சிரிக்கவில்லை. ஆர்லெத் என்னைப் பார்த்தார். "ஸோலென், என்ன சொல்ற? குளிர்காலம் இங்க இருப்பியா?"

விதி தெளிவானது. என் வேலை லியோனில். என் வீடு லியோனில். இல்லை என்று தலையசைத்தேன். அவர் கேனுக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார். "எரியுது" என்றது ஒரு பெண்குரல். இனி இருபத்து இரண்டு நெருப்புகள்.

அன்று மாலை அடுப்புச் சாம்பலை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, லியோனுக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை அலுவலகத்தில் கைபேசி ஒளிர்ந்தது. நார்சிஸ். இந்தச் செய்திக்குத்தான் ஒரு குளிர்காலம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன்.

"புகை இல்லை."

தெரியும் என்று பதில் அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் அனுப்பினேன்: நாளைக்கும் பார்த்துச் சொல்லுங்கள்.